ரிசீவரை லேப்டாப்பில் செருகினால் எஸ்.டி.ஆர் (மென்பொருளால் இயங்கும் ரேடியோ) ஆகிவிடுமா?

பெரம்பூரில் இருக்கும் ஒரு கல்லூரி மாணவர் கேட்ட கேள்வி இது: "தாத்தா வைத்திருந்த கம்யூனிகேஷன் ரிசீவர் ஒன்று வீட்டில் இருக்கிறது. சிற்றலை நன்றாக எடுக்கும். அதன் ஹெட்போன் ஜாக்கிலிருந்து லேப்டாப்பின் மைக் ஜாக்குக்கு ஒரு கேபிள் போட்டு, எச்.டி.எஸ்.டி.ஆர் என்ற எஸ்.டி.ஆர் மென்பொருளைத் திறந்தேன். வாட்டர்ஃபாலில் (அதிர்வெண்களை ஓடும் படமாகக் காட்டும் பகுதி) ஒரு மூலையில் மூன்று கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்கு மட்டும் ஏதோ தெரிகிறது, மீதியெல்லாம் இருட்டு. கூடவே பெரிய ஹம். முழு பேண்டும் திரையில் தெரிய என்ன செய்ய வேண்டும்? டாங்கிள் (கணினியில் செருகும் சின்ன ரிசீவர்) வாங்கினால்தான் முடியுமா?"

தம்பி, கேபிளிலும் தப்பில்லை, மென்பொருளிலும் தப்பில்லை. சிக்னலை எங்கிருந்து எடுத்தீர்கள் என்பதுதான் விஷயம். ரிசீவர், சவுண்ட் கார்டு, எஸ்.டி.ஆர் என்று பேசும்போது தொண்ணூறு சதவீதக் குழப்பம் இந்த ஒரு இடத்தில்தான் வருகிறது.

உங்கள் ரிசீவருக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஆன்டெனாவில் வருவதை மிக்சர் 455 கிலோஹெர்ட்ஸ் ஐ.எஃப்புக்கு, அதாவது இடைநிலை அதிர்வெண்ணுக்கு, இறக்குகிறது. (சில செட்டுகளில் இரண்டு படியாக இறங்கும், கடைசிப் படி பெரும்பாலும் இதே 455தான்.) அங்கே ஒரு ஃபில்டர், ஒரே ஒரு நிலையத்தின் அகலத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதை வெட்டிவிடும். அப்புறம் குரலைப் பிரித்தெடுக்கும் டிடெக்டர், அப்புறம் ஆடியோ ஆம்ப்ளிஃபையர், கடைசியில் ஹெட்போன் ஜாக். அந்த ஜாக்குக்கு வரும்போது ட்யூனிங், ஃபில்டரிங், டீமாடுலேஷன் எல்லாம் முடிந்துவிட்டது. மென்பொருள் செய்ய வேண்டிய வேலையை வன்பொருள் ஏற்கெனவே செய்து முடித்துவிட்டதால், மீதி இருப்பது மூன்று கிலோஹெர்ட்ஸ் குரல் மட்டுமே. அதைத்தான் திரையில் பார்க்கிறீர்கள்.

அதற்காக இந்த இணைப்பை மட்டமாக நினைக்காதீர்கள். நிறைய வேலைக்கு இது போதும். டயலை 7.074 மெகாஹெர்ட்ஸில், யு.எஸ்.பி (அப்பர் சைட்பேண்ட்) மோடில் வைத்து டபிள்யு.எஸ்.ஜே.டி-எக்ஸ் மென்பொருளை ஓடவிட்டால், எஃப்.டி.8 என்ற டிஜிட்டல் முறையில் பேசும் ஹாம் (அமெச்சூர் ரேடியோ) நிலையங்கள் வரிசையாக விழும். கணினியின் கடிகாரம் மட்டும் ஒரு நொடிக்குள் சரியாக இருக்க வேண்டும். மோர்ஸ், ஆர்.டி.டி.ஒய் (ரேடியோ டெலிடைப்) எல்லாவற்றுக்கும் எஃப்.எல்.டிஜி என்ற மென்பொருள் இருக்கிறது. ஆகவே முதலில் இந்த இணைப்பைச் சுத்தமாகச் செய்யுங்கள். ரிசீவரைத் திறக்கும் வேலை அதற்குப் பிறகு.

இன்றைய லேப்டாப்பில் இருப்பது பெரும்பாலும் நாலு வளையம் கொண்ட ஹெட்செட் ஜாக். அதில் மைக் உள்ளீடு ஒற்றைச் சேனல்தான். மைக் ஓட வேண்டும் என்பதற்காக அந்தக் கம்பியில் இரண்டு மூன்று வோல்ட் டி.சியும் இருக்கும். அது எதிர்பார்க்கும் சிக்னல் பத்து மில்லிவோல்ட் அளவு. ஹெட்போன் ஜாக் தருவதோ அதற்கு நூறு மடங்கு. அதனால் ரிசீவர் பக்கம் 10 கிலோஓம் தொடராகவும், அதன் முனையிலிருந்து கிரவுண்டுக்கு 100 ஓமும் போடுங்கள். 40 டெசிபல் குறையும். அந்த இரண்டும் சேரும் இடத்திலிருந்து 1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வழியாக மைக் பின்னுக்குப் போங்கள். கெப்பாசிட்டர் டி.சியைத் தடுக்கும். லைன்-இன் உள்ள டெஸ்க்டாப் என்றால் 100 ஓமுக்குப் பதில் 1 கிலோஓம் போதும். இவ்வளவையும் ஜாக்கின் மூடிக்குள்ளேயே சால்டர் பண்ணிவிடலாம்.

விண்டோஸில் சவுண்ட் செட்டிங்ஸுக்குள் போய் ஆடியோ என்ஹான்ஸ்மென்ட், நாய்ஸ் சப்ரஷன், எக்கோ கேன்சலேஷன் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். மனிதக் குரல் அல்லாததை அழிப்பதுதான் அவற்றின் வேலை. உங்களுக்கு வேண்டியதோ அந்தக் குரல் அல்லாததுதான். லினக்ஸ் என்றால் ஆல்சாமிக்சரில் மைக் பூஸ்ட்டைப் பூஜ்ஜியமாக்குங்கள்.

இப்போது ஹம். முதலில் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். ஹம் அடங்கினால் காரணம் கிரவுண்ட் லூப்பும் (இரண்டு கருவிகளின் கிரவுண்டும் சேர்ந்து ஒரு சுற்றாவது) சார்ஜரின் கசிவும்தான். பேட்டரியில் ஓட்டுவது ஒரு வழி. நிரந்தரத் தீர்வு, நடுவில் ஒரு 600க்கு 600 ஓம் ஆடியோ ட்ரான்ஸ்ஃபார்மர். பழைய டயல்-அப் மோடம் போர்டுகளில் இது இருக்கும். ரிச்சி தெருவில் பழைய போர்டு விற்கும் கடைகளில் கேட்டால் கிடைக்கும். இரண்டு பக்கத்துக்கும் பொதுவான கம்பி எதுவும் இருக்கக் கூடாது. ஷீல்டைக்கூடச் சேர்க்காதீர்கள், சேர்த்தால் ட்ரான்ஸ்ஃபார்மர் போட்டும் பயனில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்கிறேன். தாத்தாவின் செட் வால்வு செட்டாக இருந்தால், அதிலும் பவர் ட்ரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஏ.சி/டி.சி வகையாக இருந்தால், அதன் சேசிஸிலேயே 230 வோல்ட் இருக்கலாம். பிளக்கைத் திருப்பிச் செருகினால் போதும், லைவ் நேராகச் சேசிஸுக்கு வந்துவிடும். அந்த மாதிரி செட்டை எந்தக் கம்பியாலும் லேப்டாப்போடு இணைக்காதீர்கள். பவர் ட்ரான்ஸ்ஃபார்மர் இருக்கிறதா என்று தெரிந்தவர் ஒருவரிடம் காட்டி உறுதி செய்துகொண்ட பிறகு தொடுங்கள். அதேபோல சில புதிய செட்டுகளில் ஸ்பீக்கரின் இரண்டு கம்பியும் ஆம்ப்ளிஃபையரிலிருந்தே வரும், எதுவும் கிரவுண்ட் இல்லை. அதில் ஒன்றைச் சவுண்ட் கார்டின் கிரவுண்டில் சேர்த்தால் ஆம்ப்ளிஃபையர் ஐ.சி போய்விடும்.

அடுத்து சவுண்ட் கார்டு. எஸ்.டி.ஆரில் எவ்வளவு அகலம் தெரியும் என்பதை இதுதான் முடிவு செய்கிறது. 48 கிலோஹெர்ட்ஸ் சாம்ப்ளிங் (சிக்னலை நொடிக்கு 48,000 முறை அளப்பது) என்றால் ஒற்றைச் சேனலில் 24 கிலோஹெர்ட்ஸ் வரை. 96 என்றால் 48. 192 என்றால் 96. பெட்டியில் 192 என்று போட்டிருந்தால் உடனே நம்பிவிடாதீர்கள். பல கார்டுகளில் அது பாட்டு கேட்பதற்கு மட்டும், பதிவுக்கு 48தான். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சின்ன யு.எஸ்.பி கார்டுகளில் உள்ளீடு பெரும்பாலும் ஒற்றைச் சேனல், 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். எஃப்.டி.8க்கு அது தாராளம். பின்னால் சொல்லப்போகும் ஐ, கியூ வேலைக்கு இரண்டு சேனல் லைன்-இன் கட்டாயம் வேண்டும்.

கார்டு உண்மையில் எவ்வளவு மேலே கேட்கிறது என்று பார்க்க அருமையான ஒரு சோதனை இருக்கிறது. அதற்கு ரிசீவரே தேவையில்லை. திருநெல்வேலி அருகே விஜயநாராயணத்தில் கடற்படையின் ஐ.என்.எஸ் கட்டபொம்மன் நிலையம் இருக்கிறது. நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்புவதற்காக 1990இல் தொடங்கியது. அது பயன்படுத்தும் அதிர்வெண்களில் ஒன்று 18.2 கிலோஹெர்ட்ஸ். மெகாஹெர்ட்ஸ் இல்லை, கிலோஹெர்ட்ஸ்தான். அதாவது அந்த ரேடியோ அலை சவுண்ட் கார்டின் எல்லைக்குள்ளேயே விழுகிறது. ஒரு மீட்டர் பக்கம் உள்ள மரச்சட்டத்தில் இருபது முப்பது சுற்று வயரிங் கம்பி சுற்றி, ஒரு கெப்பாசிட்டர் வழியாக மைக் உள்ளீட்டில் கொடுங்கள். மொட்டை மாடிக்கு எடுத்துப்போய், சட்டத்தின் விளிம்பு தென்–தென்மேற்கைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். வாட்டர்ஃபாலில் 18.2இல் சில நூறு ஹெர்ட்ஸ் அகலத்துக்கு ஒரு பட்டை எழும்பும். சட்டத்தைக் கால் சுற்று திருப்பினால் மங்கிவிடும். அப்படியே 19.8ஐயும் பாருங்கள். அது ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில், நார்த் வெஸ்ட் கேப்பில் இருக்கும் என்.டபிள்யு.சி நிலையம், ஒரு மெகாவாட் சக்தி. அதற்குச் சட்டத்தைத் தென்கிழக்குப் பக்கம் திருப்ப வேண்டும். செய்தி சங்கேதத்தில் இருக்கும், ஒன்றும் புரியாது. ஆனால் மிக்சர், ஆஸிலேட்டர் (அலையை உருவாக்கும் சர்க்யூட்) எதுவும் இல்லாமல் சுமார் 600 கிலோமீட்டர் தாண்டி வரும் ரேடியோ அலையை வெறும் மைக் ஜாக்கில் பார்ப்பது, எஸ்.டி.ஆர் என்றால் என்ன என்பதை எந்தப் பாடத்தையும் விடத் தெளிவாகச் சொல்லிவிடும். அக்கம்பக்கத்து டி.வி, எல்.இ.டி விளக்கு, இன்வர்ட்டர் எல்லாம் போடும் கோடுகளும் அதிலேயே தெரியும். பவர் கட் ஆகும் நேரத்தில் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள், பாதிக் கோடுகள் காணாமல் போயிருக்கும்.

இதுவரை பின்வாசல் வேலை. இனி ரிசீவரின் உள்ளே போவோம்.

455 கிலோஹெர்ட்ஸ் ஐ.எஃப்பை வெளியே எடுக்க வேண்டும். ஐ.எஃப் ட்ரான்ஸ்ஃபார்மரில் நேராகக் கேபிளைச் சால்டர் பண்ணினால், கேபிளின் கெப்பாசிட்டன்ஸ் அதன் ட்யூனிங்கைக் கலைத்துவிடும், செட் செவிடாகிவிடும். அதனால் 10 பிக்கோஃபாரட் அல்லது அதற்கும் குறைவான கெப்பாசிட்டர் வழியாக ஒரு ஜே.எஃப்.இ.டி (ஒரு வகை ட்ரான்சிஸ்டர்) பஃபருக்குக் கொடுங்கள். நம் ஊர் லேபில் எல்லாரும் பார்த்த பி.எஃப்.டபிள்யு.10 போதும். கேட்டிலிருந்து கிரவுண்டுக்கு 1 மெகாஓம், சோர்ஸில் 1 கிலோஓம், சோர்ஸிலிருந்து 0.01 மைக்ரோஃபாரட் வழியாக வெளியே. பஃபரை ட்ரான்ஸ்ஃபார்மர் காலிலிருந்து ஒரு விரற்கடை தூரத்துக்குள் வையுங்கள். அதன் பிறகு ஷீல்டு வயர் எவ்வளவு நீளம் போனாலும் செட்டுக்குத் தெரியாது.

455ஐ எந்த சவுண்ட் கார்டும் கேட்காது. அதனால் இன்னொரு மிக்சர் வேண்டும். எஸ்.ஏ.612 ஐ.சிக்கு 467 கிலோஹெர்ட்ஸ் ஆஸிலேட்டர் கொடுத்தால் 12 கிலோஹெர்ட்ஸ் கிடைக்கும். 48 கிலோஹெர்ட்ஸ் கார்டில் தெரியும் 0 முதல் 24க்குச் சரியாக நடுவே 12 விழுகிறது என்பதால்தான் எல்லாரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். 467ஐ உருவாக்க 470 கிலோஹெர்ட்ஸ் செராமிக் ரெசொனேட்டரை கெப்பாசிட்டர் போட்டுக் கீழே இழுப்பது பழைய வழி. இன்று எஸ்.ஐ.5351 என்ற ஆஸிலேட்டர் மாட்யூலும் ஒரு ஆர்டுயினோவும் போதும். ஆனால் அந்த மாட்யூல் மூன்று வோல்ட்டுக்கு மேல் சதுர அலை தரும். 612க்கு வேண்டியது 200, 300 மில்லிவோல்ட்தான். குறைக்காமல் கொடுத்தால் திரை முழுக்கப் பொய்க் கோடுகள் வரும். 612க்கு 8 வோல்ட்டுக்கு மேல் சப்ளையும் கொடுக்காதீர்கள்.

467க்குப் பதில் 443 போட்டாலும் 12தான் வரும், ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. சாதாரண மீடியம் வேவ் செட்டில் ஆஸிலேட்டர் நிலையத்துக்கு மேலே ஓடுவதால், 455க்கு வரும்போதே ஸ்பெக்ட்ரம் தலைகீழாகியிருக்கும். 467 அதை மறுபடி திருப்பி நேராக்கும். 443 அப்படியே விட்டுவிடும். டி.ஆர்.எம் (டிஜிட்டல் வானொலி ஒலிபரப்பு) டிகோட் செய்யும் ட்ரீம் மென்பொருளில் ஸ்பெக்ட்ரத்தைத் திருப்பும் ஒரு டிக் பெட்டி இருப்பது இதற்காகத்தான். சிக்னல் பலமாக இருந்தும் டிகோட் ஆகவில்லை என்றால் முதலில் அதைத் தட்டிப் பாருங்கள். ஆகாசவாணி நாடு முழுவதும் 35 மீடியம் வேவ் ஒலிபரப்பிகளை டி.ஆர்.எம் வசதியோடு நிறுவியது. சென்னையும் அதில் ஒன்று. டி.ஆர்.எம் சிக்னல் 10 கிலோஹெர்ட்ஸ் அகலம். உங்கள் செட்டின் ஏ.எம் ஃபில்டர் 6 கிலோஹெர்ட்ஸ் என்றால் இரண்டு ஓரமும் வெட்டுப்பட்டு, டிகோட் ஆகவே ஆகாது. அகலமான ஃபில்டர் மாற்ற வேண்டும், அல்லது ஃபில்டருக்கு முன்னாலேயே எடுக்க வேண்டும்.

ஃபில்டருக்கு முன்னாலா, பின்னாலா? நீங்கள் கேட்ட "முழு பேண்டும்" என்ற ஆசை இங்கேதான் முட்டிக்கொள்கிறது. பின்னால் எடுத்தால் ஃபில்டர் விட்ட அகலம் மட்டும் தெரியும். முன்னால் எடுத்தால் அகலம் கூடும். ஆனால் 467 ஆஸிலேட்டருக்கு 455உம் ஒன்றுதான், 479உம் ஒன்றுதான். இரண்டுமே 12 கிலோஹெர்ட்ஸாக வந்து ஒன்றின் மேல் ஒன்று உட்காரும். ஒற்றைச் சேனலில் அவற்றைப் பிரிக்க வழியே இல்லை. பிரிக்க இரண்டு மிக்சர் வேண்டும். ஒரே ஆஸிலேட்டரை 90 டிகிரி வித்தியாசத்தில் இரண்டுக்கும் கொடுத்து, ஒன்றை இடது சேனலுக்கும் மற்றதை வலது சேனலுக்கும் அனுப்ப வேண்டும். இதுதான் ஐ, கியூ. அப்போது மென்பொருளுக்கு மேலே இருப்பது எது, கீழே இருப்பது எது என்று தெரியும். 96 கிலோஹெர்ட்ஸ் கார்டில் முழு 96 கிலோஹெர்ட்ஸும் தெரியும்.

ஐ, கியூவில் இரண்டு சேனலும் அச்சு அசலாக இருக்க வேண்டும். அளவில் ஒரு சதவீதமும் கோணத்தில் ஒரு டிகிரியும் பிசகினாலே, பலமான நிலையத்தின் நிழல் எதிர்ப்பக்கத்தில் 40 டெசிபல் கீழே தெரியும். மென்பொருளில் அதைத் திருத்தலாம். ஆனால் சில கார்டுகள் வலது சேனலை ஒரு சாம்ப்ள் தாமதமாகத் தரும். 96 கிலோஹெர்ட்ஸில் ஒரு சாம்ப்ள் என்பது சுமார் 10 மைக்ரோ நொடி. காதுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் நடுவிலிருந்து 10 கிலோஹெர்ட்ஸ் தள்ளி இருக்கும் சிக்னலுக்கு அது 37.5 டிகிரி பிழை. நடுவில் நிழல் இல்லாமல், ஓரத்துக்குப் போகப் போக நிழல் பலமானால் இதுதான் நோய். சேனல் தாமதத்தைத் திருத்தும் வசதி உள்ள மென்பொருள் போடுங்கள், இல்லையென்றால் கார்டை மாற்றுங்கள். முன்னே சொன்ன மோடம் ட்ரான்ஸ்ஃபார்மரை இந்தப் பாதையில் போடவே கூடாது. அது டெலிபோன் குரலுக்கானது. 12 கிலோஹெர்ட்ஸில் சரியும், இரண்டு ட்ரான்ஸ்ஃபார்மர் ஒன்றுபோல இருக்கவும் இருக்காது.

இவ்வளவு செய்தும் உங்கள் செட்டில் முழு பேண்டு தெரியும் என்று நான் சொல்ல மாட்டேன். இரட்டை கன்வர்ஷன் செட்டாக, அதாவது இரண்டு படியாக இறங்கும் வகையாக, இருந்தால், முதல் ஐ.எஃப்பிலேயே ஒரு கிரிஸ்டல் ஃபில்டர் பத்துப் பதினைந்து கிலோஹெர்ட்ஸுக்கு மூடிவைத்திருக்கும். என் கருத்து: அகலமாகப் பார்க்க வேண்டும் என்றால் தாத்தாவின் செட்டை வெட்ட வேண்டாம். தனியாக ஒரு சாம்ப்ளிங் டிடெக்டர் கட்டுங்கள். டேன் டெய்லோ என்ற அமெரிக்க ஹாம் பிரபலப்படுத்திய சர்க்யூட் அது. எஃப்.எஸ்.டி.3253 என்ற ஸ்விட்ச் ஐ.சி, ஒரு 74 வகை டிவைடர், இரண்டு ஆப்-ஆம்ப், ஒரு கிரிஸ்டல். 28.224 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலை நாலால் வகுத்தால் 7.056. 96 கிலோஹெர்ட்ஸ் கார்டில் 7.008 முதல் 7.104 வரை ஒரே திரையில். இந்தியாவில் ஹாம்களுக்கு உள்ள 7.0 முதல் 7.2 வரையிலான பேண்டில் ஏறத்தாழ பாதி அது. கேட்பதற்கு மட்டும் என்பதால் ஒலிபரப்பும் உரிமம் பற்றிய கவலையும் இல்லை.

டாங்கிள் வேண்டுமா என்றும் கேட்டீர்கள். ஆர்.டி.எல் டாங்கிள் 2.4 மெகாஹெர்ட்ஸ் அகலம் காட்டும், எஃப்.எம், விமானம், வி.எச்.எஃப் எல்லாவற்றுக்கும் அதுதான் சௌகரியம். ஆனால் அதற்குள் இருப்பது 8 பிட். பலமான சிக்னலுக்கும் பலவீனமான சிக்னலுக்கும் நடுவே சுமார் 50 டெசிபல்தான் இடம். நல்ல சவுண்ட் கார்டு 100ஐ நெருங்கும். சென்னையில் 720 கிலோஹெர்ட்ஸ் மீடியம் வேவும் எஃப்.எம் நிலையங்களும் நம் தலைக்கு மேலேயே ஒலிபரப்புகின்றன. அவை டாங்கிளை நிரப்பிவிட்டால் சிற்றலையில் பலவீனமாக வருவது மூழ்கிவிடும். தவிர, பெரும்பாலான டாங்கிள்கள் 24 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே நேரடியாக எடுக்காது. சிற்றலையில் ஒரு பேண்டை ஆழமாகப் பார்க்க ஆசையென்றால் சவுண்ட் கார்டு. எல்லாவற்றையும் மேலோட்டமாகச் சுற்றிப் பார்க்க டாங்கிள்.

ரிசீவரும் சவுண்ட் கார்டும் சேர்ந்து சென்னையில் கொடுக்கும் இன்னொரு நல்ல விருந்து, கப்பல்கள். வி.எச்.எஃப் எஃப்.எம் ரிசீவர் கிடைத்தால் 161.975 அல்லது 162.025 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள். ராயபுரம், காசிமேடு பக்கம் மொட்டை மாடியிலிருந்து, துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்கள் தங்கள் அடையாள எண்ணையும் இடத்தையும் தானாகச் சொல்லும் ஏ.ஐ.எஸ் சிக்னல் வெட்டு வெட்டாகக் கேட்கும். 419 என்று தொடங்கும் எண் இந்தியக் கப்பல். ஆனால் ஸ்பீக்கரிலிருந்து எடுத்தால் டிகோட் ஆகாது. அது 9600 பாட்; ஆடியோ ஆம்ப்ளிஃபையருக்கு முன்னால் இருக்கும் ஃபில்டர் அதைச் சிதைத்துவிடும். டிஸ்க்ரிமினேட்டரிலிருந்தே (எஃப்.எம் டிடெக்டர்) எடுக்க வேண்டும். செட்டில் எம்.சி.3361 ஐ.சி இருந்தால் அதன் 9ஆம் பின்னிலிருந்து 10 கிலோஓம், 1 மைக்ரோஃபாரட் வழியாக நேராக லைன்-இன். மறுபடியும், எங்கிருந்து எடுக்கிறோம் என்பதே.

எதைக் கட்டினாலும் கடைசியாக லெவலைச் சரிபாருங்கள். ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு, வாட்டர்ஃபாலின் அடித்தளம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். மாட்டினால் அது ஆறிலிருந்து பத்து டெசிபல் உயர வேண்டும். உயரவில்லை என்றால் நீங்கள் கேட்பது கார்டின் இரைச்சல், வானத்தின் இரைச்சல் இல்லை, சிக்னலைக் கூட்டுங்கள். இருபதுக்கு மேல் உயர்ந்தால் குறையுங்கள், பலமான நிலையத்துக்கு மேலே இடமில்லாமல் போகும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இடி இடிக்கும்போது ஆன்டெனாவைக் கழற்றி வெளியே போட்டுவிடுங்கள். இப்போது அந்தக் கம்பி லேப்டாப் வரைக்கும் வருகிறது. செட்டின் பின்மூடியைக் கழற்றினால், 455 ஃபில்டர் இருக்கும் பகுதியைப் படமெடுத்து அனுப்புங்கள். எந்தக் காலில் பஃபரை வைப்பது என்று குறித்துத் தருகிறேன்.